ஒதுக்கீடு பெற்றவரின் முகம்

தபால் அக்காவின் மேசைக்கு அந்தப் புது மடிக்கணினி வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அதைக் கண்டு அவள் பட்ட சந்தோஷம் மூன்று நிமிடம் நீடித்தது. நான்காவது நிமிடம் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நாடாவில் கத்தரிக்கோலை வைத்தாள். கண்காணிப்பாளர் பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அலுவலக நேரத்தில் அவர் எழுந்து நின்றதை அந்த அறையில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"கையை எடும்மா, கையை எடு! அதெல்லாம் நாம தொறக்கக் கூடாது. அதுக்குன்னு மூணாவது மாடில ஒரு பிரிவே இருக்கு."

இருக்கத்தான் செய்தது. பதிவேடுகள் இயக்ககத்தில் எதற்குத்தான் பிரிவு இல்லை? இதன் பெயர் முதற்பயன்பாட்டுப் பிரிவு. புதிதாக வாங்கும் எந்தக் கருவியையும் முதல் முறை பிரித்து, முதல் முறை முடுக்கி, முதல் முறை அணைத்துக் கொடுப்பது அதன் வேலை. இரண்டாவது முறை அது வேலை செய்கிறதா என்பது அவர்கள் தலைவலி இல்லை. பதினான்கு பேர் கொண்ட அந்தப் பிரிவு போன வருடம் மொத்தம் மூன்று கருவிகளைத் திறந்தது. அதில் ஒன்று சுவர்க் கடிகாரம்.

தபால் அக்கா என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். வெளியே போகும் கடிதங்களுக்கு எண் போட்டு, உறையில் இட்டு, ஒட்டி, நாலு மணிப் பையில் அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் அவள் கைவழியாகப் போன ஒரு தபால்கூட ஒரு நாள் தாமதமானதில்லை. இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. அலுவலகத்தில் யாரும் கவனித்ததும் இல்லை.

அவளுக்கு அந்த மடிக்கணினி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். கணவனும் ஆறு வயது மகளும் ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். ஊர் மாறுதல் கேட்கும் இணையதளம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு வாரம் திறக்கும். இந்த வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். அவரவர் இருக்கைக்கு ஒதுக்கப்பட்ட கணினியிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்து மேசைக் கணினியில் விண்ணப்பித்தால் பக்கத்து மேசைக்காரருக்கு மாறுதல் வந்துவிடும். கணக்குப் பிரிவில் ஒருவருக்கு அப்படி வந்து, பாவம், போயே விட்டார்.

முந்தின நாள்தான் கணவன் போனில் சிரித்தான். "உன் பொண்ணு இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. தபால்பெட்டில என்ன வந்தாலும் இவதான் பிரிக்கணுமாம். நேத்து தண்ணி வரி நோட்டீஸை ஒரு வார்த்தை விடாம சத்தமாப் படிச்சுக் காட்டினா. அதுல உன் பேர் இருக்கான்னு வேற தேடினா."

திங்கட்கிழமை அன்றே பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினாள்.

அந்த அறையில் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பிரிக்க வேண்டியவர்களே அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள், அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வந்தது. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பழுப்பு உறைகள். ஒவ்வொரு உறையிலும் என்றோ வெட்டிய ஒரு நாடாத் துண்டு இருந்ததாம். பிரிவின் தலைவரை அலுவலகம் திறப்பாளர் என்று அழைத்தது. மெலிந்த, மிக மரியாதையான மனிதர். கையுறை அணிந்திருந்தார்.

"உக்காருங்கம்மா. ஒரு கருவியோட வாழ்க்கைல முதல் தடவைங்கறது ஒரே தடவைதான் வரும். அதைப் பயன்படுத்துறவங்க கையிலயே நேரா குடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

"என்ன சார் ஆகும்?"

"பயன்படுத்திடுவாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "போன வருஷம் ஒரு பிரிவுல பிரிண்டரை அவங்களே பிரிச்சு மாட்டிட்டாங்க. நல்லா ஓடுது. எனக்கு அதுதாம்மா தூக்கம் வரல. நாங்க இல்லாமயே ஓடுதுன்னா, அப்புறம் நாங்க எதுக்கு? அதனால அதை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கோம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைச்சிடுமா சார்?"

"தாராளமா," என்றார் திறப்பாளர்.

செவ்வாயன்று மூன்று சாட்சிகள் முன்னிலையில் நாடா வெட்டப்பட்டது. வெட்டிய துண்டை அளந்து, எடை போட்டு, உறையில் இட்டார்கள். புதனன்று மின்னேற்றம். சதவீதம் ஏற ஏற ஒருவர் பதிவேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே வந்தார். அறுபத்திரண்டு எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர் திரும்பி வருவதற்குள் கருவி அறுபத்து நாலைத் தொட்டுவிட்டது. அறுபத்து மூன்று பதிவாகவில்லை. என்ன செய்வது என்று கூடிப் பேசி, எல்லா மின்சாரத்தையும் வடிய விட்டு, பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

பிறகு திரை எந்த நாடு என்று கேட்டது. திறப்பாளர் சட்டென்று ஒரு கோப்பை எடுத்துத் திரையை மறைத்துக்கொண்டார். எல்லோரையும் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னார். அது இரகசியத் தகவலாம். தபால் அக்காவும் திரும்பி நின்றாள். அலமாரியின் கண்ணாடிக் கதவில் அவர் முகம் தெரிந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

வியாழக்கிழமை முழுக்க ஒப்பந்த வாசிப்பு. திரையில் வரும் விதிமுறைகளைப் படிக்காமல் ஒப்புக்கொள்வது உலகம் பூராவும் நடக்கிற அக்கிரமம் என்றும், பதிவேடுகள் இயக்ககம் மட்டும் அதைச் செய்யாது என்றும் திறப்பாளர் சொன்னார். சட்ட அலுவலர் தொண்ணூற்று நாலு பக்கங்களை உரக்கப் படித்தார். எல்லோரும் நின்றபடி கேட்டார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவள் எழுந்து நிற்கும் வரை காத்திருந்து, விழுந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எழுபதாவது பக்கத்தில் ஒரு வரி மட்டும் தபால் அக்காவின் காதில் தங்கியது. 'பயனர் என்பவர், பயனராகப் பதியப்பட்டவரே ஆவார். வேறு எவரும் அவரல்லர்.'

"அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

சட்ட அலுவலர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "படிக்கிறது என் வேலைம்மா. அர்த்தத்துக்கு வேற பிரிவு இருக்கு."

வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குத் திரை, பெயர் என்ன என்று கேட்டது. தபால் அக்கா தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். திறப்பாளர் கையுறை அணிந்த விரலை உயர்த்தி அவளை அடக்கிவிட்டு, கோப்பைப் பார்த்து வேறொரு பெயரைத் தட்டினார். அது பழைய தபால் சாரின் பெயர்.

பழைய தபால் சார் அவளுக்கு முன் அதே மேசையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருடம் அவள் அவருக்கு உதவியாகப் பக்கத்திலேயே இருந்தாள். மடிக்கணினி வேண்டும் என்று நாலு வருடத்துக்கு முன் எழுதிக் கேட்டது அவர்தான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் மேசையில் தலை சாய்த்தார். அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று யாரும் எழுப்பவில்லை. மூன்று மணிக்கே உயிர் போய்விட்டதாக மருத்துவர் சொன்னார். அலுவலகத்துக்கு அது ஐந்து மணிக்குத் தெரிந்தது, விளக்கை அணைக்க வந்தபோது.

"சார், அவர் இறந்துட்டாரே!"

"வருத்தமான விஷயம். ஆனா அது உங்க பிரிவுல நடந்தது. எங்க ஃபைல்ல ஒதுக்கீடு அவர் பேர்லதான் இருக்கு. பேரை மாத்தணும்னா நீங்க புதுசா எழுதிக் கேக்கணும். நாலு வருஷம் ஆகும்."

திரை அடுத்து முகத்தைக் கேட்டது. யாரோ கீழே ஓடிப்போய் அறிவிப்புப் பலகையில் இன்னும் குத்தியிருந்த இரங்கல் படத்தைக் கொண்டு வந்தார்கள். அதைக் கேமராவின் முன் பிடித்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தது. 'கண்ணை இமைக்கவும்' என்றது திரை. பழைய தபால் சார் இமைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தார்கள். 'உயிருள்ள முகத்தைக் காட்டவும்' என்றது.

ஒருவரும் நாற்காலியில் அசையவில்லை. பிறகு பதினான்கு பேரும் மெல்லத் திரும்பித் தபால் அக்காவைப் பார்த்தார்கள்.

"மணி நாலேகால் ஆச்சும்மா," என்றார் திறப்பாளர் அன்பாக. "முகம் யாரோடதா இருந்தா என்ன? பேரு சரியா இருக்கு. நீங்க ஒரு நிமிஷம் உக்காந்தா போதும்."

கிளம்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். மகளை நினைத்தபடி உட்கார்ந்தாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். வலப்பக்கம், மேலே, கீழே. இமைக்கச் சொன்னது, இமைத்தாள். திரையில் பழைய தபால் சாரின் பெயர் பெரிய எழுத்தில் தோன்றி, வணக்கம் சொல்லி, இத்தனை நாள் காத்திருந்ததற்கு நன்றி கூறியது. பதினான்கு பேரும் கைதட்டினார்கள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாறுதல் விண்ணப்பத்தைத் திறந்தாள். பெயர்க் கட்டத்தில் அவர் பெயர் தானாகவே விழுந்திருந்தது. அழித்தாள், மறுபடி வந்தது. திறப்பாளரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாறுதல் இருக்கைக்குத்தாம்மா, ஆளுக்கு இல்ல. இப்ப அனுப்பிடுங்க. வந்தப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத்துடன் சேர்ந்து வாழ' என்று எழுதினாள். யாரும் அவள் கையைப் பிடித்து அழுத்தவில்லை. அவளேதான் அனுப்பினாள்.

திங்கட்கிழமை வாசலில் இருந்த வருகைத் திரையில் பழைய தபால் சாரின் பெயர் பச்சையில் ஒளிர்ந்தது. வருகை நேரம் எட்டு ஐம்பத்தாறு. அது அவள் மடிக்கணினியைத் திறந்த நேரம். அவள் பெயர் சிவப்பில் இருந்தது. வரவில்லை.

"என்ன சார், லீவு முடிஞ்சு வந்துட்டீங்களா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்து வைத்தாள். செவ்வாயன்றும் அதையே கேட்டார், பாதிப் பேர் சிரித்தார்கள். புதனன்று அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு அறையில் யாரும் சிரிக்கவில்லை, சார் என்று கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது.

திருத்த விண்ணப்பம் போட மூன்றாவது மாடிக்குப் போனாள்.

"போடலாமே," என்றார் திறப்பாளர். "ஆனா விண்ணப்பிக்கிறவங்க அன்னைக்கு ஆபீஸ்ல இருக்கணும். நீங்க எங்க வர்றீங்க? மூணு நாளா உங்களுக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கு."

"உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன்!"

"நான் பாக்கறேம்மா. நான் பாத்து என்ன பிரயோசனம்? உங்களை விடுங்க, அவர் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ஒரு குறை இருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினார். முகப் பொருத்தம் எண்பத்தேழு சதவீதம். "பணிப்பதிவேட்டுப் படத்துல கண்ணாடி போட்டிருக்காரு. இப்ப போடறதில்ல. அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதியாச்சு."

அந்தக் கடிதம் அவள் கைவழியாகத்தான் போனது. எண் போட்டு, ஒட்டி, அன்றைய நாலு மணிப் பையிலேயே அனுப்பியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண்மணி கையில் அந்தக் கடிதத்தோடு தபால் பிரிவு வாசலில் வந்து நின்றார். பழைய தபால் சாரின் மனைவி. வேகமாகப் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"இங்க என் வீட்டுக்காரர் யாரு?"

எல்லோரும் தபால் அக்காவைக் கை காட்டினார்கள்.

அந்த அம்மாள் கிட்டே வந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பிரித்துப் படித்தார். "'தங்கள் கணவர் பணியில் நலமாக உள்ளார். அவரது மூக்குக்கண்ணாடியை உடனே கொடுத்தனுப்பவும்.' எட்டு மாசமா அந்த வீட்ல ஒண்டியா கெடக்கறேன். இதைப் படிச்சிட்டு அரை நிமிஷம், ஒரு அரை நிமிஷம், நம்பிட்டேன் தெரியுமா? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மனசுக்கு அங்கே பிரிவு கிடையாது. மாடியிலிருந்து இறங்கி வந்த திறப்பாளர் மரியாதையாக ஒரு படிவத்தை நீட்டினார். "கண்ணாடியைக் குடுத்ததுக்கு அத்தாட்சிம்மா. கீழ ஒரு கையெழுத்து. நீங்க இதே ஊர்லதான் இருக்கீங்கன்னு அந்தக் கட்டத்துல ஒரு குறி போட்டுடுங்க. வேற ஒண்ணும் இல்ல."

அந்த அம்மாள் அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டார். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்தார். அதைத் தபால் அக்காவின் உள்ளங்கையில் வைக்கும்போது விரலை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"உனக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. வேற ஊர்ல இருக்கா."

"போயிடும்மா. இன்னைக்கே பஸ் ஏறிப் போயிடு. இவரும் இப்படித்தான். லேப்டாப் வரட்டும், வந்துட்டா வேலை குறைஞ்சிடும், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டே உக்காந்திருந்தாரு."

"அடுத்த வியாழக்கிழமை மாறுதல் முடிவு வருதும்மா. அது வந்ததும் போயிடுவேன்."

அந்த அம்மாள் விரலை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். தபால் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அறை கலங்கித் தெரிந்தது. கேமராவின் சின்ன வெளிச்சம் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. நூறு சதவீதம் என்றது திரை. திறப்பாளர் கண்களைத் துடைத்துக்கொண்டார், கையுறையோடு.

வியாழக்கிழமை முடிவு வந்தது. அதை மூன்று முறை படித்தாள். கண்ணாடியில் எழுத்து அலைந்தது, ஆனாலும் வாசகம் மாறவில்லை. 'தங்கள் மனைவி இதே ஊரில் வசிப்பது அவரது கையொப்பத்துடன் உறுதி செய்யப்பட்டுள்ளதால், குடும்பத்துடன் சேர்ந்து வாழ மாறுதல் கோரும் தங்கள் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது.'

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். கண்காணிப்பாளர் தலையைத் தூக்காமல், "மனசு தளராதீங்க சார், மூணு வருஷத்துல மறுபடி தொறக்கும்," என்று சொல்லி, அன்றைக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை அவள் பக்கம் தள்ளினார். பத்தொன்பது கடிதங்கள் இருந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண் போட ஆரம்பித்தாள். கடைசிக் கடிதத்தின் முகவரி அவள் வீட்டு முகவரி.

'மேற்படி எழுத்தர் கடந்த வாரத் திங்கட்கிழமை முதல் பணிக்கு வரவில்லை. அவரை நேரில் கண்டதாக எந்தப் பதிவும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியவில்லை. எனவே அவர் பெயர் பணிப்பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அவர் விட்டுச்சென்ற பொருள்களைக் குடும்பத்தார் அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.' கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து. மை சரியாகக் காயவில்லை.

"சார், நான் இங்கதானே இருக்கேன்."

அவர் நெளிந்தார். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்மா... தெரியும் சார். ஆனா எனக்குத் தெரிஞ்சதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியுமா? ரெக்கார்டை வச்சுத்தானே போட முடியும்?"

கணவனுக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தாள். அது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினாள். அப்போதும் பொருந்தவில்லை என்றுதான் சொன்னது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலாக எட்டு நிமிடம் இருந்தது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இரண்டாக மடித்துக் கிழிக்கக்கூடப் போனாள். கிழித்தால் தபால் பதிவேட்டில் ஒரு எண் விடுபடும். விடுபட்டால் அந்தக் குற்றம் பழைய தபால் சாரின் பெயரில் ஏறும். முப்பத்தொரு வருடம் ஒரு கறை இல்லாமல் வேலை பார்த்த மனுஷன். பாவம், இந்த வயதில் அவருக்கு இது தேவையா?

கடிதத்தை நீவி, உறையில் இட்டு, ஓரங்களை அழுத்தி ஒட்டினாள். பதிவேட்டில் எண் போட்டு, அனுப்பியவர் கட்டத்தில் அவர் கையெழுத்தைப் போட்டாள். அது தடுமாறாமல் வந்தது. நாலு மணிக்குப் பை கிளம்பிப் போனது.

அந்த ஊருக்குத் தபால் போக இரண்டு நாள் ஆகும். சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்துவிடும், தாமதமாக வாய்ப்பில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மகள்தான் தபால்பெட்டியைத் திறப்பாள். உறையைப் பிரித்து, அதில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று தேடுவாள். இருக்கும். பிறகு எழுத்துக் கூட்டி, சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள்.